கட்டைவிரல் காலம்

1980-களின் நடுவில் சங்கரன்கோவிலில் பிளஸ் டூ அறிவியல் பிரிவு படித்தவர்களை இன்றைக்கும் சுலபமாக அடையாளம் கண்டுவிடலாம். மின்சாரம், காந்தம் என்று பேச்சு வந்தால் போதும், வலது கை தன்னால் எழும்பும். நாலு விரல் மடங்கும், கட்டைவிரல் மட்டும் விறைத்து நிற்கும். லிஃப்ட் கேட்கிறார் என்று நினைத்துப் போகிற பைக்கைக்கூட நிறுத்திவிடுவார்கள்.

எங்களுக்கு இயற்பியல் கைவழியாகத்தான் வந்து சேர்ந்தது. வலக்கைத் திருகு விதி, ஃபிளெமிங்கின் இடக்கை விதி, ஃபிளெமிங்கின் வலக்கை விதி. இவை போதாதென்று ஆம்பியரின் நீச்சல் விதி. அதன்படி ஒருவன் மின்னோட்டம் போகும் திசையில் கம்பியோடு நீந்த வேண்டும். முகம் காந்த ஊசியைப் பார்த்திருக்க வேண்டும். அப்போது ஊசியின் வடமுனை அவனுடைய இடது கைப் பக்கம் விலகும். மழை பொய்த்தால் குளத்தில் கிரிக்கெட் ஆடுகிற ஊர் எங்களுடையது. எங்களுக்கு நீச்சலை நம்பி ஒரு விதி.

பொதுத்தேர்வில் காந்தப் புலத்தைப் பற்றிக் கேள்வி வந்துவிட்டால் அறையே கை முத்திரை பிடிக்கும். மேற்பார்வைக்கு வெளியூரிலிருந்து வந்த வரலாற்று ஆசிரியர் ஒருவர் எங்களைப் பார்த்து அரண்டுபோனார்.

“ஏலே, யாருக்குல சைகை காட்டுத?”

“காந்தப் புலம் சார்.”

“புலமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். கையை மேசை மேல வைல.”

வலது கையில் பேனா இருந்ததால் இடது கையை மடக்கிப் பார்த்தவர்களும் உண்டு. அவர்கள் தாளில் காந்தப் புலம் எதிர்த்திசையில் போனது. இயற்கை வலது கைக்காரர்கள் பக்கம்தான் என்று அன்றைக்கு எல்லாரும் முடிவு கட்டிவிட்டோம்.

கணக்கு வகுப்பில் இந்தக் கட்டைவிரலுக்கு ஒரு பெயர் கொடுத்தார்கள்: குறுக்குப் பெருக்கம். இரண்டு வெக்டர்களை இரண்டு விதமாகப் பெருக்கலாம். புள்ளிப் பெருக்கம் செய்தால் வெறும் எண் வரும். குறுக்குப் பெருக்கம் செய்தால் இரண்டுக்கும் செங்குத்தாக மூன்றாவது வெக்டர் வரும். அது மேலே போகிறதா கீழே போகிறதா என்பதைக் கட்டைவிரல் சொல்லும். புள்ளிக்குத் தனிக் கணக்குகள், குறுக்குக்குத் தனிக் கணக்குகள். கைடில்கூடத் தனித்தனிப் பக்கம்.

தறிக்காரர் வீட்டுப் பையன் ஒருவன் எங்களோடு படித்தான். கணக்கில் புலி என்று சொல்ல முடியாது, ஆனால் குடைந்து கேட்பான். ஒருநாள் எழுந்தான். “சார், பெருக்கல் ரெண்டு இருக்கு. வகுத்தல் ஒண்ணுகூட இல்லையே, ஏன் சார்?”

சார் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு அவனை ஒரு நிமிடம் பார்த்தார். நல்ல மனிதர், அடிக்கவில்லை. “சிலபஸ்ல இல்லாததைக் கேக்காதல. உக்காரு.”

உட்கார்ந்தான். அந்தக் கேள்விக்கு அப்போதே நூறு வருஷத்துக்கு முந்தைய பதில் இருந்தது. அது எங்கள் ஊருக்கு வரும் எந்த பஸ்ஸிலும் ஏறவில்லை, அவ்வளவுதான்.

பதில் இதுதான். ஒரு வெக்டரையும் புள்ளிப் பெருக்கத்தின் விடையையும் மட்டும் கொடுத்தால் மற்ற வெக்டரைத் திரும்பப் பெற முடியாது, அந்த எண்ணைத் தரும் வெக்டர்கள் கணக்கில்லாமல் இருக்கின்றன. குறுக்குப் பெருக்கத்தின் விடையை மட்டும் கொடுத்தாலும் அதே கதி. ஒவ்வொன்றும் தகவலில் ஒரு பகுதியைத் தொலைத்துவிடுகிறது. இரண்டையும் சேர்த்து ஒரே பெருக்கமாக வைத்துக்கொண்டால் தகவல் முழுசாக இருக்கும், வகுத்தலும் வந்துவிடும். வெக்டரை வெக்டரால் வகுக்கலாம்!

இந்தச் சேர்க்கையின் கதையில் மூன்று பேர் வருகிறார்கள். அயர்லாந்துக்காரர் ஹாமில்டன் 1843 அக்டோபர் 16 அன்று டப்ளினில் கால்வாய்க் கரையோரமாக மனைவியோடு நடந்துபோகையில் குவாட்டர்னியன் என்ற நாலு பகுதி எண்ணைக் கண்டுபிடித்து, அதன் விதியைப் பாலத்துக் கல்லிலேயே கீறிவைத்தார். அடுத்த வருஷம் ஜெர்மனியின் ஷ்டெட்டின் நகரத்துப் பள்ளி ஆசிரியர் ஹெர்மன் கிராஸ்மன் ஒரு புத்தகம் போட்டார். இரண்டு கோடுகளைப் பெருக்கினால் பரப்பு வரும், அந்தப் பரப்புக்குச் சுற்றும் திசை உண்டு என்பது அதன் அடிப்படை. யாரும் வாங்கவில்லை. மிச்சப் பிரதிகளைப் பதிப்பகத்தார் கூழாக்கிவிட்டார்கள். மனம் நொந்த கிராஸ்மன் சமஸ்கிருதத்தின் பக்கம் திரும்பி ரிக்வேதத்துக்கு அகராதி தொகுத்தார், மொழிபெயர்த்தார். அதற்கு மரியாதை கிடைத்தது, 1876-ல் டூபிங்கன் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டமும் கொடுத்தது. ஆகவே இந்தியாவில் வேதம் ஆராய்கிறவர்களுக்குக் கிராஸ்மனைத் தெரியும். எங்கள் ஊர்க் கணக்கு சாருக்குத் தெரியாது.

மூன்றாமவர் லண்டனில் பேராசிரியராக இருந்த வில்லியம் கிங்டன் கிளிஃபோர்டு. 1878-ல் ஹாமில்டனையும் கிராஸ்மனையும் ஒரே ஏட்டில் இணைத்தார். அடுத்த ஆண்டே, 33 வயதில், காசநோயால் இறந்துபோனார். வாதாட ஆள் இல்லாத சமயம் பார்த்து அமெரிக்காவில் கிப்ஸும் இங்கிலாந்தில் ஹெவிசைடும் குவாட்டர்னியனை இரண்டாக உடைத்து, புள்ளி வேறு குறுக்கு வேறு என்று ஆக்கிவிட்டார்கள். மின்பொறியாளர்களுக்கு அது வசதியாக இருந்தது. அந்த வசதிதான் சங்கரன்கோவில் கரும்பலகை வரை வந்தது.

எடின்பரோவில் இருந்த டெய்ட், ஹாமில்டன் கட்சிக்காரர். கிப்ஸின் முறையைப் பார்த்து 1890-ல் கொதித்துப்போனார். ஹாமில்டன் பாதி, கிராஸ்மன் பாதி என ஒட்டிய இருபால் கலந்த விகார உருவம் என்ற பொருளில் ஏசினார். பாதிக்குப் பாதி உருவம் என்பது எடின்பரோவில் வசவு. எங்கள் ஊரில் அதைத்தான் கும்பிடுகிறோம்.

சங்கரன்கோவில் கோயிலில் சங்கரலிங்கத்துக்கு ஒரு சன்னதி, கோமதி அம்மனுக்கு ஒரு சன்னதி. நடுவில் சங்கரநாராயணர். வலப் பாதி சிவன், இடப் பாதி திருமால். சங்கன், பதுமன் என்ற இரண்டு நாக அரசர்களுக்குள் யார் சாமி பெரிது என்று தகராறு. அதைத் தீர்க்கவும், இரண்டு பேரையும் ஒரே உருவில் காணவும் அம்மன் தவமிருந்தாள் என்பது தலபுராணம். ஆடித்தபசு அன்று அந்தக் காட்சியைக் காண ஊர் கொள்ளாத கூட்டம் வரும். கிளிஃபோர்டின் பெருக்கமும் இதே ஏற்பாடுதான். ஒரு பாதி புள்ளி, அது வரிசையை மாற்றினாலும் மாறாது. மறு பாதி பரப்பு, வரிசையை மாற்றினால் குறி மாறிவிடும். எண்ணையும் பரப்பையும் எப்படி ஒன்றாகக் கூட்டுவது என்று கேட்கலாம். கலப்பு எண்ணில் மெய்ப் பகுதியையும் கற்பனைப் பகுதியையும் எப்படிக் கூட்டினோமோ அப்படித்தான். பாதிகள் கரைந்துபோவதில்லை, பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஆடித்தபசுக் கூட்டத்தில் நசுங்கிவிட்டு வந்து, மறுநாள் வகுப்பில் புள்ளி வேறு, குறுக்கு வேறு என்று நோட்டில் எழுதியவர்கள் நாங்கள்.

கற்பனை எண் என்றதும் இன்னொன்று. அதன் வர்க்கம் கழித்தல் ஒன்று என்றார்கள், நம்பினோம். அது எங்கே இருக்கிறது என்று யாரும் காட்டவில்லை. கிளிஃபோர்டின் முறையில் அது தாளிலேயே கிடக்கிறது. கிழக்கே ஓரலகு, வடக்கே ஓரலகு என்று இரண்டு வெக்டர்கள். ஒவ்வொன்றின் வர்க்கமும் ஒன்று. இடம் மாற்றிப் பெருக்கினால் குறி மாறும். இவ்வளவுதான் விதி. இப்போது கிழக்கு-வடக்கு என்ற பெருக்கத்தை வர்க்கப்படுத்துங்கள்: கிழக்கு, வடக்கு, கிழக்கு, வடக்கு. நடு இரண்டையும் இடம் மாற்றினால் ஒரு கழித்தல் குறி வெளியே வரும். மிச்சம் கிழக்கின் வர்க்கம், வடக்கின் வர்க்கம், இரண்டும் ஒன்று. விடை கழித்தல் ஒன்று. கற்பனை எண் என்று பயமுறுத்திய சமாச்சாரம் ஒரு சதுரப் பரப்பு, கிழக்கிலிருந்து வடக்கே திரும்பும் சுழற்சி. மூன்று பரிமாணத்தில் இப்படி மூன்று பரப்புகள் கிடைக்கும். அவற்றோடு ஒரு வெறும் எண்ணையும் சேர்த்தால் அதுதான் ஹாமில்டனின் குவாட்டர்னியன்.

இதெல்லாம் மேலைநாட்டுச் சரக்கு, நமக்கு எப்படித் தெரியும் என்று தப்பித்துக்கொள்ளவும் வழியில்லை. சென்னையிலேயே இதைத் தீவிரமாகச் செய்துகொண்டிருந்தார்கள். அல்லாடி கிருஷ்ணசுவாமி ஐயரின் மகன் அல்லாடி ராமகிருஷ்ணன், மயிலாப்பூரில் தம் வீடான ஏகாம்ர நிவாஸில் இளைஞர்களைக் கூட்டிவைத்து இயற்பியல் கருத்தரங்கு நடத்தினார். 1960-ல் நீல்ஸ் போர் சென்னைக்கு வந்தபோது அந்த இளைஞர்களைச் சந்தித்தார். கல்வி அமைச்சர் சி.சுப்பிரமணியம் துணைநிற்க, நேரு சம்மதிக்க, 1962 ஜனவரி 3 அன்று கணித அறிவியல் நிறுவனம் தொடங்கியது. மேட்சயன்ஸ் என்பார்கள். பிறகு அது தரமணிக்குப் போனது.

அங்கே செய்த வேலையைச் சொல்ல டிராக்கிலிருந்து தொடங்க வேண்டும். எலெக்ட்ரானுக்குச் சமன்பாடு எழுத 1928-ல் இயற்பியலாளர் டிராக்குக்கு நாலு அணிகள் தேவைப்பட்டன. இடம் மாற்றிப் பெருக்கினால் குறி மாற வேண்டும், வர்க்கம் ஒன்றோ கழித்தல் ஒன்றோ ஆக வேண்டும். தேடிப்பிடித்தார். கிளிஃபோர்டு அரை நூற்றாண்டுக்கு முன்பே எழுதிவைத்த விதி அதுதான். ராமகிருஷ்ணனும் அவர் மாணவர்களும் 1960-களின் கடைசியில் இந்த விதியை இன்னும் விரித்தார்கள். இடம் மாற்றினால் கழித்தல் குறி மட்டும்தான் வர வேண்டுமா? ஒன்றின் மூன்றாம் மூலம், ஐந்தாம் மூலம் என்று எந்த மூலமும் வரலாமே என்று கேட்டு, பொதுமைப்படுத்திய கிளிஃபோர்டு இயற்கணிதத்தை வளர்த்தார்கள். டிராக் அணிகளின் இலக்கணம் என்ற பொருள்படும் தலைப்போடு ராமகிருஷ்ணனின் ஆங்கிலப் புத்தகம் 1972-ல் வெளிவந்தது. வெளியிட்டது டாடா மெக்ராஹில். அந்த வகை அணிகளைத்தான் இன்றைக்குக் குவாண்டம் கணினிக்காரர்கள், இரண்டுக்கு மேற்பட்ட நிலைகளைக் கையாளும்போது தினசரி எடுத்துப் புழங்குகிறார்கள்.

புத்தகம் வந்து பதின்மூன்று, பதினாலு வருஷம் கழித்துத்தான் தறிக்காரர் வீட்டுப் பையன் எழுந்து நின்றது. தரமணிக்கும் சங்கரன்கோவிலுக்கும் சுமார் 600 கிலோமீட்டர். ராத்திரி பஸ் ஏறினால் காலையில் இறங்கிவிடலாம். விதி ஏறவில்லை.

இப்போதைய கதைக்கு வருகிறேன். ஊர் முன்னேறிவிட்டது. 2019 நவம்பரிலிருந்து நாங்கள் திருநெல்வேலி மாவட்டம் இல்லை, தென்காசி மாவட்டம். மீட்டர் கேஜ் போய் பிராட் கேஜ் வந்துவிட்டது. இயற்பியலுக்கு 200 மதிப்பெண் என்றிருந்தது 100 ஆகிவிட்டது. புதுப் புத்தகம் வழுவழுவென்று இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் முதல் அத்தியாயம் அணிகள், இரண்டாவது கலப்பு எண்கள், ஆறாவது வெக்டர். மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதை அத்தியாயங்கள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்வதில்லை. கட்டைவிரல் அப்படியே இருக்கிறது.

என் தம்பி மகள் பிளஸ் டூ. போட்டித் தேர்வுக்கும் படிக்கிறாள். ஒருநாள் போனை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“பெரியப்பா, இதப் பாருங்க. கிராஸ் ப்ராடக்ட்டே வேண்டாம்னு ஒருத்தர் சொல்லுதாரு.”

பார்த்தேன். நாற்பது வருஷத்துக்கு முன் ஒரு பையன் கேட்ட கேள்விக்கான பதில், கலர் படத்தோடு, கை அகலத் திரையில் சுழன்றுகொண்டிருந்தது. இரண்டு அம்புகள், நடுவில் ஓர் இணைகரம், அதன் விளிம்பில் முதல் அம்பிலிருந்து இரண்டாவதற்குச் சுற்றும் ஒரு குறி. செங்குத்தாக மூன்றாவது அம்பு இல்லவே இல்லை. கட்டைவிரலுக்கு வேலையே இல்லை. போனைச் சாய்த்தாள், படமும் சாய்ந்தது. அப்படிச் சாய்வதைக் கணக்கிடும் மென்பொருள்களில் பெரும்பாலும் குவாட்டர்னியன்தான் ஓடுகிறது. வீடியோ கேம்களிலும் அதுதான், விண்கலம் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று கணக்கிடுவதிலும் அதுதான். ஆக, கிப்ஸ் உடைத்ததை ஒட்டவைத்து உலகம் பையில் போட்டுக்கொண்டு திரிகிறது. பள்ளிக்கூடத்தில் மட்டும் உடைந்த துண்டுகளைப் படிக்கிறோம்.

அவளுக்குச் சின்னச் சோதனை ஒன்று காட்டினேன். மேசைமேல் ஒரு வளையம், அதில் மின்னோட்டம் சுற்றுகிறது. கட்டைவிரல் விதிப்படி காந்தப் புலம் மேலே பார்க்கிறது. பக்கத்தில் ஒரு பென்சிலையும் மேலே பார்த்து நிறுத்தினேன். சுவரில் இருக்கும் கண்ணாடியில் பார்த்தால் பென்சில் மேலேதான் பார்க்கிறது. மின்னோட்டம் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. கட்டைவிரலை மடக்கிப் பார்த்தால் கண்ணாடிக்குள் காந்தப் புலம் கீழே பார்க்க வேண்டும். இரண்டும் அம்பு என்றால் ஒன்று நிமிர்ந்தும் ஒன்று கவிழ்ந்தும் நிற்பது எப்படி? காந்தப் புலம் நிஜ அம்பு கிடையாது. அது சுற்றும் திசையுள்ள ஒரு பரப்பு. கண்ணாடியில் சுற்று திரும்புகிறது, அதில் அதிசயம் எதுவும் இல்லை. அம்பாகத்தான் வரைவேன் என்று அடம்பிடித்தால்தான் கை தேவைப்படுகிறது. அப்போதும் எந்தக் கை என்பது நாமாக வைத்துக்கொண்ட ஏற்பாடு. காந்தப் புல விஷயத்தில் இயற்கை எந்தக் கைக்காரர் பக்கமும் சாயவில்லை.

அவள் கண் விரிந்தது. நாலு பரிமாணம் என்றால் என்ன ஆகும் என்று அவளே கேட்டாள். அங்கே இரண்டு வெக்டர்களுக்கும் செங்குத்தான திசை ஒன்றோடு நிற்காது, கட்டைவிரல் எதைக் காட்டும்? குறுக்குப் பெருக்கம் அங்கே செல்லாது. ஐன்ஸ்டைனின் காலவெளிக்கு நாலு பரிமாணம். பரப்பு அங்கேயும் பரப்புதான். மின்புலம், காந்தப்புலம் இரண்டையும் ஒரே பொருளாக எழுதினால் மேக்ஸ்வெல்லின் நாலு சமன்பாடும் ஒரே வரியில் அடங்கிவிடும் என்றேன். நாலு சமன்பாட்டையும் மனப்பாடம் செய்துகொண்டிருந்தவள் என்னைப் பொறாமையோடு பார்த்தாள். அப்புறம் மணியைப் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கு பெரியப்பா. ஆனா இது சிலபஸ்ல இல்ல.”

எங்கள் சார் சொன்ன அதே வாக்கியம். அன்றைக்கு ஆசிரியர் சொன்னார், இன்றைக்குப் பிள்ளையே சொல்கிறாள். ஆசிரியருக்கு அந்த வேலையும் மிச்சம். அன்றைக்குப் பதில் ஊருக்கு வரவில்லை, கேள்வி இருந்தது. இன்றைக்குப் பதில் படுக்கையறை வரை வந்துவிட்டது. நாலு விடையில் ஒன்றை அவசர அவசரமாகத் தேர்ந்தெடுக்கும் தேர்வில், கேள்வி கேட்க அவளுக்கு நேரமில்லை.

ஒரு பக்கமாகவே பேசிவிட்டேனோ என்று தோன்றுகிறது. இந்தக் கணிதத்தை மறுபடி தூக்கி நிறுத்தியவர் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஹெஸ்டனெஸ். 1966-ல் காலவெளி இயற்கணிதம் பற்றி நூல் எழுதினார். 2002-ல் அமெரிக்க இயற்பியல் ஆசிரியர் சங்கத்தின் அர்ஸ்டெட் பதக்கம் பெற்று, இயற்பியலின் கணித மொழியைச் சீர்திருத்த வேண்டும் என்று பேசினார். 1820-ல் மின்னோட்டத்தால் காந்த ஊசியை ஆடவைத்து எங்களையெல்லாம் நீந்தவிட்டவர் அர்ஸ்டெட். அவர் பெயரிலான பதக்கம், கட்டைவிரலை மடக்கச் சொன்னவருக்குப் போனது. ஹெஸ்டனெஸின் ஆதரவாளர்களில் சிலருக்குப் பக்தி முற்றிவிட்டது. இதைப் படித்தால் எல்லாம் விளங்கும், மற்றதெல்லாம் குப்பை என்கிறார்கள். சங்கனும் பதுமனும் அங்கேயும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். உண்மை என்னவென்றால், இந்த மொழியில் எழுதினாலும் பழைய மொழியில் எழுதினாலும் சோதனைக்கூடத்து விடை ஒன்றேதான். மோட்டார் செய்கிறவர்கள் நூறு வருஷமாக கிப்ஸை வைத்தே பிழைத்துவருகிறார்கள். முறுக்குவிசையைக் கண்டுபிடிக்க ஒரு மெக்கானிக்குக் கிளிஃபோர்டு தேவையில்லை. பழையதைத் தூக்கி எறிந்தால் பிள்ளைகள் நுழைவுத் தேர்வில் தோற்பார்கள், புதியதை மட்டும் படித்தவர்கள் மற்றவர்களின் புத்தகத்தைப் படிக்க முடியாமல் திண்டாடுவார்கள்.

அதே ஹெஸ்டனெஸ் 1992-ல் இரண்டு சகாக்களோடு சேர்ந்து விசையைப் பற்றிச் சாதாரணக் கேள்விகள் கொண்ட ஒரு தேர்வை வெளியிட்டார். கணக்கே போட வேண்டாம், புரிந்திருந்தால் போதும். நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள் பலர் அதில் தடுமாறினார்கள். விடை சரியாக வருகிறது, விஷயம் புரியவில்லை என்று அது காட்டியது. நாங்கள் கட்டைவிரலைச் சரியாகக் காட்டித்தான் தேறினோம். எதைக் காட்டுகிறோம் என்று கேட்டிருந்தால் ஊரே ஃபெயில்.

ஆகவே பாடத்தைத் தலைகீழாக்கச் சொல்லவில்லை. பாடநூல் எழுதுகிறவர்களுக்கும் பதினோராம் வகுப்பில் வெக்டர் நடத்துகிற ஆசிரியர்களுக்கும் ஒரு பீரியட் மட்டும் கேட்கிறேன். குறுக்குப் பெருக்கத்தைத் தொடங்கும் முன் கரும்பலகையில் அந்த இணைகரத்தை வரையுங்கள். அதன் விளிம்பில் சுற்றும் திசையைக் குறியுங்கள். இதன் பரப்புதான் விடை, இந்தச் சுற்றுதான் திசை, அதை ஓர் அம்பாகச் சுருக்கி எழுதுவது நம் வசதிக்கு, அதற்குத்தான் வலது கை என்று சொல்லுங்கள். வகுத்தல் ஏன் இல்லை என்று ஒரு பிள்ளை கேட்டால், இருக்கிறது என்று சொல்லுங்கள். கிளிஃபோர்டு என்ற பெயரையும் அல்லாடி ராமகிருஷ்ணன் என்ற பெயரையும் ஓரமாக எழுதிப்போடுங்கள். அதற்கு மதிப்பெண் வைக்க வேண்டாம். வைத்தால் அதற்கும் கைடு வந்துவிடும்.